மேல்முறையீட்டில் ஜாமீன் நிற்றல்
(இலஞ்சியில் நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

குமாரக் கடவுள் கோயில் கொண்டருளும் இவ்விலஞ்சியில் நன்செய் உடையோர் பலர் கூடியிருக்கின்றீர்கள். ஆதலின் நிலத்தைக் காத்துக்கொள்வது குறித்தே பேச விரும்புகின்றேன். பங்காளியோ மைத்துனரோ வந்து, "ஒரு கையெழுத்துத்தானே!" என்றால், மறுக்க நம்மவர்க்கு நா எழுவதில்லை. அக்கையெழுத்தின் பொருள் யாது?

பணம் கொடுக்கும்படி டிக்ரி ஆனவர் அப்பீல் செய்கின்றார். அப்பீல் செய்த மாத்திரத்தில் டிக்ரியின் நிறைவேற்றம் நின்றுவிடாது. 1908-ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 41-ஆவது கட்டளைப்படி, தடையுத்தரவு வேண்டுவோர் தக்க ஈடு காட்டல் வேண்டும். "அப்பீல் தோற்றால் யான் பொறுப்பு" என்று மூன்றாமவர் ஒருவர் கோர்ட்டுக்கு எழுதிக் கொடுப்பதே ஜாமீன் பத்திரம்.

"முதலில் கடன்பட்டவனைப் பிடிக்கட்டும், பிறகன்றோ நம்மிடம் வருவார்கள்" என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பிழை. பத்திரத்தில் வேறுவிதமாகக் கண்டிராவிடில், ஜாமீன்தாரின் பொறுப்பும் கடன்பட்டவன் பொறுப்பும் சமமே என்பது 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 128-ஆவது பிரிவு. பீகார் பாங்கி ஒன்றின் கடன் வழக்கில், கடன்பட்டவனிடம் முயன்று பார்த்த பின்னரே ஜாமீன்தாரை அணுகலாம் என்று கீழ்க்கோர்ட்டு விதித்தது. அந்நிபந்தனை செல்லாதென 1968-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

கோர்ட்டுக்கு எழுதிய ஜாமீனோ இன்னும் கடுமையானது. மேற்கூறிய சிவில் சட்டத்தின் 145-ஆவது பிரிவின்படி, நோட்டீஸ் கொடுத்து, தனி வழக்கின்றியே, ஜாமீன்தார்மீது டிக்ரியை நிறைவேற்றலாம். அயோத்திச் சீமை வழக்கொன்றில், ஈடாக எழுதிய சொத்தையும் தனி வழக்கின்றி விற்கக் கோர்ட்டு கட்டளையிடலாம் என்று 1919-இலேயே பிரிவி கவுன்சில் கூறிற்று.

ஜாமீன் நிற்றல் கூடாதென்று யான் சொல்லவில்லை. நியாயமான அப்பீல் முடியுமுன் ஓர் ஏழையின் வீடு ஏலம் போகாமற் காப்பது தருமமே. ஆயினும், எத்தொகை வரை என்று வரம்பு எழுதுங்கள். இன்றேல் வட்டியும் செலவும் உங்கள் தலைமேல் ஏறும். இந்த அப்பீலுக்கு மட்டுமா, அடுத்த அப்பீலுக்கும் சேர்த்தா என்பதைத் தெளிவாக்குங்கள். கட்டிய பணத்தைக் கடன்பட்டவனிடம் திரும்பப் பெறச் சட்டம் உரிமை தருகின்றது. ஆனால் கையில் ஒன்றுமில்லாதவனிடம் அவ்வுரிமை சோறு போடாது. ஆகவே முன்னதாகவே அவரிடம் எதிர் ஈடு பெறுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, மனைவி மக்களைக் கலந்துகொள்ளுங்கள். ஏலம் கூறப்படுவது அவர்கள் உண்ணும் சோறு.

இன்னும் ஒன்று. முடியாதென்று உண்மை கூறும் உறவினனைக் கல்நெஞ்சன் என்று ஏசும் வழக்கத்தை நம்மவர் இன்றே விடுதல் வேண்டும். நாணத்தால் இட்ட கையெழுத்தால் உறவு வளர்வதில்லை. நிலம் போனபின் அவ்வுறவும் நில்லாது.