செம்மண்ணில் விழுந்த மழை



சங்கப் பாட்டையும் சினிமாப் பாட்டையும் ஒரே மேடையில் வைத்துப் பேசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பேசலாம், பேசியே ஆகவேண்டும் என்பது என் கட்சி. தமிழில் காதலைப் பாட வந்தவன் எந்தக் காலத்தவனாக இருந்தாலும் அவன் கையில் இருக்கும் கருவிகள் பெரும்பாலும் அவையேதான். யாருக்காகப் பாடுகிறான், எந்தச் சூழலில் பாடுகிறான் என்பதை வைத்து அவற்றை அவன் வேறு வேறு விதமாகக் கையாளுகிறான். அதை இன்று ஒரு குறுந்தொகைப் பாட்டையும் இரண்டு திரைப்பாட்டையும் கொண்டு காட்ட விரும்புகிறேன்.

குறுந்தொகையின் 40ஆம் பாட்டு உங்களில் பலருக்கு மனப்பாடம். ஐந்தே அடி. எழுதிய புலவரின் இயற்பெயர் தெரியாததால், அவர் சொன்ன உவமையையே பெயராக்கி செம்புலப்பெயல்நீரார் என்று அழைக்கிறோம். ஒரே ஓர் உவமை ஒரு மனிதனுக்குப் பெயராகி நின்றுவிட்டது என்றால் அந்த உவமையின் வலிமை எப்படிப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள்!

பாட்டின் சூழல் என்ன? குறிஞ்சி நிலம். தலைவனும் தலைவியும் தாமாகவே கண்டு கலந்துவிட்டார்கள். இவன் நம்மைப் பிரிந்து போய்விடுவானோ என்ற அச்சம் அவள் முகத்தில் தெரிகிறது. அதைக் குறிப்பால் உணர்ந்த தலைவன் பேசுகிறான். உன்னைப் பிரியமாட்டேன் என்று அவன் சத்தியம் செய்யவில்லை. மூன்று கேள்வி கேட்கிறான். என் தாயும் உன் தாயும் ஒருவருக்கொருவர் என்ன உறவு? என் தந்தையும் உன் தந்தையும் எந்த முறையில் சொந்தம்? நீயும் நானும் ஒருவரை ஒருவர் எப்படி அறிந்தோம்? மூன்றுக்கும் விடை, ஒன்றுமில்லை என்பதுதான். தாய், தந்தை, நாம் என்று கேள்வி படிப்படியாக நெருங்கி வருகிறது பாருங்கள். அப்படி நெருங்கி வந்தபிறகு செம்மண்ணில் பெய்த மழையைக் காட்டி, நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்று முடித்துவிடுகிறான்.

உவமைக்கு அடிப்படையாகத் தொல்காப்பியர் நான்கைச் சொன்னார்: வினை, பயன், மெய், உரு. இந்த உவமையை அதில் வைத்துப் பாருங்கள். மழைநீர் மண்ணோடு கலக்கிறது, அது வினை. விழுந்த நீர் மண்ணின் செந்நிறத்தைப் பெறுகிறது, அது உரு. மழை விழுந்த மண் விளையும்; அது பயன். அந்தப் பயனைப் புலவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. படிக்கிறவன் கண்டுகொள்வான் என்று நம்பி விட்டுவிட்டார்.

இதே உண்மையை வள்ளுவரும் எடுத்தாண்டிருக்கிறார். சிற்றினம் சேராமை அதிகாரத்தில், நீர் தான் சேர்ந்த நிலத்தின் தன்மையால் மாறுவதுபோல மனிதனின் அறிவும் தான் சேர்ந்த இனத்தால் மாறும் என்கிறார். அங்கே அது எச்சரிக்கை. யாரோடு சேர்கிறோம் என்று பார்த்துச் சேர் என்று பொருள். குறுந்தொகைப் புலவர் கையில் அதே நீரும் நிலமும் உறுதிமொழி ஆகின்றன. கலந்தபின் பிரிக்க முடியாது, ஆகவே நீ அஞ்சவேண்டாம் என்று பொருள். இயற்கையில் இருப்பது ஒரே நிகழ்ச்சிதான். அதற்குப் பொருள் தருவது சொல்கிறவனின் நோக்கம்.

இன்னொரு நுட்பம் யாப்பில் இருக்கிறது. பாட்டு நேரிசை ஆசிரியப்பா. ஈற்றுக்கு முந்தைய அடியில் மூன்றே சீர். மற்ற அடிகளில் நான்கு. அந்த முச்சீர் அடியில்தான் உவமை உட்கார்ந்திருக்கிறது. நாலு நாலாக நடந்து வந்த ஓசை, மழை வந்து விழும் இடத்தில் குறுகி ஒரு கணம் நிற்கிறது. பிறகு கடைசி அடி முழுமையாக வந்து தேற்றுகிறது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அந்த நிறுத்தம் காதுக்குத் தெரியும். இசை அமைப்பாளர் யாரும் இல்லாமல் அந்தப் புலவர் தாமே செய்துகொண்ட இசை அது.

இனி திரைப்பாட்டுக்கு வருவோம். 1965இல் வாழ்க்கைப்படகு என்ற படம் வந்தது. அதில் கவியரசர் கண்ணதாசன் எழுதி, பி.பி.ஸ்ரீனிவாஸ் பாடிய பாட்டு ஒன்று இன்றும் நம் வானொலிகளில் ஒலிக்கிறது. நேற்றுவரை யாரோவாக இருந்த இருவர் இன்று ஒன்றாகிவிட்ட வியப்பே அதன் பல்லவி. குறுந்தொகையின் அந்த மூன்று கேள்விகளின் கரு இதற்குள் இருக்கிறது. ஆனால் கண்ணதாசன் தாயையும் தந்தையையும் எடுத்துவிட்டார், மழையையும் மண்ணையும் எடுத்துவிட்டார். உறவுமுறை இருந்த இடத்தில் காலத்தை வைத்தார்: நேற்று, இன்று. ஏன்? திரைப்பாட்டை ஒருமுறை கேட்டவுடன் முணுமுணுக்க வேண்டும். டீக்கடையில் நிற்பவருக்கும் வயலில் நடவு நடுகிறவருக்கும் உரை தேவைப்படக்கூடாது. உவமையை விட்டுவிட்டு முரணை மட்டும் எடுத்தது, தன் கேட்பவரை அறிந்த ஒரு பெருங்கவிஞனின் தேர்வு. உவமை செய்ய வேண்டிய வேலையை அங்கே மெட்டும் குரலும் செய்துவிடுகின்றன.

அடுத்து 1997. மணிரத்னத்தின் இருவர் படத்துக்காக வைரமுத்து எழுதி, ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைக்க, உன்னிகிருஷ்ணனும் பாம்பே ஜெயஸ்ரீயும் பாடிய பாட்டு. இது வேறு வழியில் போகிறது. பழைய பாட்டின் சொற்களையே எடுத்துத் தன் மெட்டுக்குள் வைக்கிறது. அதுவும் ஒரு பாட்டை அல்ல, இரண்டை.

ஒன்று, புறநானூற்றின் 112ஆம் பாட்டு. பாரி மகளிர் பாடிய கையறுநிலை. போன மாதத்து வெண்ணிலவில் தந்தையும் இருந்தார், பறம்பு மலையும் எங்களுடையதாக இருந்தது. இந்த மாதத்து வெண்ணிலவில் மலையும் போயிற்று, தந்தையும் இல்லை என்ற கதறல் அது. நிலவு அதே நிலவு. வாழ்வுதான் தலைகீழாகிவிட்டது. வைரமுத்து அந்த நிலவொளியைக் காதலர்களுக்குக் கொடுத்தார். அன்று பொய்கையில் நீராடியவள் நீயா என்று அவன் கேட்கிறான். அப்போது என்னைப் பார்த்தவன் நீயா என்று அவள் கேட்கிறாள். கடந்துபோன ஒரு நிலவிரவை நினைவில் எழுப்புவது என்ற உத்தி அப்படியே இருக்கிறது. உணர்ச்சி மட்டும் அழுகையிலிருந்து காதலுக்கு இடம் மாறிவிட்டது. புறத்திலிருந்து ஒரு பொருளை அகத்துக்குக் கொண்டுவருவது துணிச்சலான செயல். அது பலித்திருக்கிறது.

மற்றொன்று, நாம் பார்த்த அதே குறுந்தொகைப் பாட்டு. சரணத்தில் தாயர் பற்றிய கேள்வி வருகிறது, நாம் எப்படி அறிந்தோம் என்ற கேள்வி வருகிறது, செம்மண்ணும் நீரும் வருகின்றன. ஆனால் மூன்று மாற்றங்களைக் கவனியுங்கள். முதலாவது, மூலத்தில் பெய்யும் மழை. இங்கே ஒரு நீர்த்துளி. காரணம் இருக்கிறது. திரைப்பாட்டில் ஒரே ஒரு தீண்டலும் பேசப்படுகிறது. ஒரு தீண்டலுக்கு ஒரு துளி அளவொத்துப் போகிறது. இரண்டாவது, மூலத்தில் கேள்வி மூன்று, பிறகு உறுதியான ஒரு விடை. திரைப்பாட்டில் அந்த விடையும் வியப்புக் கேள்வியாகி, ஒரே இயைபில் முடிகிறது. சங்கத் தலைவிக்கு அச்சம் இருந்தது, ஆகவே தலைவன் விடை சொல்லித் தேற்ற வேண்டியிருந்தது. திரைக் காதலர்க்கு அந்த அச்சம் இல்லை. அவர்களுக்கு வியந்து நிற்பதே போதும். மூன்றாவது, குறுந்தொகையில் தலைவன் மட்டும் பேசுகிறான், தலைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள். டூயட்டில் அவளுக்கும் குரல் கிடைத்துவிட்டது. அவளும் கேள்வி கேட்கிறாள், பசலையும் நெகிழ்ந்த மேகலையும் அந்தப் பாட்டுக்குள் வருகின்றன.

பெற்றது எது, இழந்தது எது என்று கேட்டால் என் தீர்ப்பு இதுதான். திரைப்பாட்டு தலைவியின் குரலைப் பெற்றது, கோடிக்கணக்கான காதுகளைப் பெற்றது. குறுந்தொகையின் மௌனத்தை அது இழந்தது. சொல்லாமல் விட்டதைப் படிக்கிறவனே நிரப்பிக்கொள்ளும் அந்த இடம் மெட்டுக்குள் அடங்குவதில்லை. அதற்கு நாம் மூலத்திடம்தான் போக வேண்டும்.

போவதற்கு வழி இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் 1937இல் விரிவான உரையோடு குறுந்தொகையைப் பதிப்பித்துத் தந்தார். ஓலைகளில் கிடந்ததை ஒப்பிட்டு, பிழை நீக்கி நம் கையில் கொடுத்த உழைப்பு அது. அந்த நூலைத் திறக்காமல் விடுவது அவருக்கும் அந்தப் புலவர்களுக்கும் நாம் செய்யும் குறை.

ஆசிரியப் பெருமக்களே, குறுந்தொகை நடத்தும் நாளில் இருவர் படத்தின் இந்தப் பாட்டை வகுப்பறையில் ஒலிக்க விடுங்கள். பிறகு மூலத்தைப் படிக்கச் சொல்லி, எது மாறியது, ஏன் மாறியது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மாணவச் செல்வங்களே, உங்களுக்குப் பிடித்த ஒரு காதல் பாட்டை எடுத்துக்கொண்டு, அதன் வேரைச் சங்க இலக்கியத்தில் தேடுங்கள். குறுந்தொகையில் 401 பாட்டுகள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன. நாளுக்கு ஒன்று படியுங்கள்.