இரத்தக் கொதிப்பும் மூளையிற் குருதி கசிதலும்
(திருவண்ணாமலையில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணம் போதிக்கும் எளியேன் வைத்தியம் பேசப் புகுந்தது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். அதற்குக் காரணம் என் பெரிய தந்தையார். மூளையிற் குருதி கசிந்து வலக்கை விழுந்தவர் அவர். ஆறு திங்களிற் கை தேறியது. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிப்பிரதட்சிணமும் செய்யத் தலைப்பட்டார். "அண்ணாமலையார் அருளால் நோய் போயிற்று, மாத்திரை எதற்கு?" என்று நிறுத்திவிட்டார். வீட்டிலிருந்த நாங்கள் யாவரும் அதனை அறிந்தோம், ஒருவரும் தடுத்திலோம். மறு ஆண்டே மீண்டும் குருதி கசிந்தது. அதன்பின் அவர் வாய் திறந்து பேசவில்லை.

கை தேறியதேயன்றிக் குழாய் தேறவில்லை என்பதை அன்று யாம் உணர்ந்திலோம். மூளையின் உட்புறம் செல்லும் இரத்தக் குழாய்கள் மயிரிழை போன்றவை. கொதிப்பு பல்லாண்டு மோதுதலால் அவற்றின் சுவர் தடித்து, இறுகி, நொய்ந்து, ஓரிடத்தில் உடைகின்றது. 1868-இல் பிரான்சு தேசத்து சார்க்கோ, புஷார் என்னும் வைத்தியர் இருவர் இத்தகைய குழாய்களிற் சிறு புடைப்புகளைக் கண்டு எழுதினர். உடைந்தது ஒன்றேயாயினும், அதன் அண்டையிலுள்ளவையும் அவ்வண்ணமே நைந்தவை அல்லவோ? முதியோர் சிலருக்கு வேறொரு நோயும் உண்டு; ஒருவகைப் புரதம் மூளையின் மேற்புறக் குழாய்களிற் படிந்து அவற்றை நொறுங்கச் செய்யும். இதிலும் கசிவு மீளும். ஆதலின் ஒருமுறை கசிந்தவர் தாமாகவே ஆஸ்பிரின் வாங்கி விழுங்கலாகாது.

அமெரிக்கத் தலைவர் ரூஸ்வெல்டுக்கு 1944 மார்ச்சில் அழுத்தம் 186-க்கு 108 இருந்தது. தக்க மருந்து அந்நாளில் இல்லை. 1945 ஏப்ரல் 12-இல் மூளையிற் குருதி பெருகி மாண்டபோது அது 300-க்கு 190. பம்பாய் வைத்தியர் ருஸ்தம் வக்கீல், நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேர் கொதிப்பைத் தணிப்பதை ஆங்கில மருத்துவ இதழில் வெளியிட்டது 1949-இல்தான். உலகாண்டவருக்குக் கிட்டாத மாத்திரை இன்று நமது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாய்க் கிட்டுகின்றது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருகின்றது. நாமோ நிறுத்திவிடுகின்றோம்!

பயன் உண்டோ எனின், உண்டு. வாதம் முன்பு கண்ட ஏறத்தாழ 6,100 பேரை ஆராய்ந்து 2001-இல் வெளியிட்டனர். அழுத்தம் குறைக்கும் மருந்துண்டோருக்கு மூளைக் கசிவு மற்றவரினும் பாதியளவே நேர்ந்தது. கசிவு கண்டவர்க்கு 130-க்கு 80 என்னும் அளவையே வைத்தியர் பெரும்பாலும் நாடுவர். கொதிப்பு தலைவலியோடு வந்து அறிவிக்குமென்று காத்திராதீர். பலர்க்கு அது ஓசையின்றியே இருக்கும். ஊறுகாய், அப்பளம், கருவாடு இவற்றில் மறைந்துள்ள உப்பையும் எண்ணிக்கொள்க. (நம்மவர் பந்தியில் ஊறுகாயின்றி இலை போடுவார் யார்!)

முகங் கோணினும், கை சோரினும், நாக் குழறினும் 108-ஐ அழையுங்கள்; நேரம் பார்த்திராதீர். கிரிப்பிரதட்சிணம் செல்லும் பெரியோர் விபூதிப் பையிலேயே அன்றைய மாத்திரையையும் வைத்துக்கொள்க. மலை சுற்றுவதை யான் தடுக்கவில்லை. வைத்தியர் இசைந்தால் நடை நன்றே. இக்கூட்டம் முடிந்ததும் வெளித் திண்ணையில் நம் இளைஞர் அழுத்தமானியுடன் அமர்ந்திருப்பர். சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதலில் யானே செல்கின்றேன்.