தாகம் மறக்காத தெரு

இன்று உங்களை ஹைதராபாதின் பழைய நகரத்துக்கு அழைத்துப் போகிறேன். நாள், முஹர்ரம் பத்து. நாட்காட்டியில் சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டு நம்மில் பலர் அன்றைக்கு வாழ்த்துச் சொல்லிவிடுகிறோம். இந்தத் தெருக்களில் அதைச் சொல்லிவிடாதீர்கள். இது துக்க வீடு.

கி.பி. 680-இல் இராக்கின் கர்பலாவில் நடந்தது அந்தத் துக்கம். நபிகள் நாயகத்தின் பேரர் இமாம் ஹுசைன், யஸீதின் ஆட்சியை ஏற்க மறுத்து, குடும்பத்தோடும் எழுபது சொச்சம் தோழர்களோடும் நின்றார். பக்கத்திலேயே யூப்ரடீஸ் ஆறு. யஸீதின் படை ஒரு வாய் தண்ணீர் எடுக்க விடவில்லை. பிள்ளைகளின் தாகம் பொறுக்காமல் தோல்பையோடு ஆற்றுக்குப் போன தம்பி அப்பாஸ் திரும்பி வரவில்லை. கடைசியில் ஹுசைனும் கொல்லப்பட்டார்.

சார்மினாருக்கு அருகில் இருக்கிறது பாதுஷாஹி ஆஷூர்கானா. சுல்தான் முகம்மது குலி குதுப் ஷா 1590-களில் எழுப்பிய துக்க மண்டபம். சுவர்களில் மஞ்சளும் நீலமுமாய்ப் பளபளக்கும் ஓடுகள். அவற்றில் அலம் வடிவங்கள். அலம் என்பது கர்பலாப் போர்க்கொடியின் நினைவாக ஏந்தும் உலோகச் சின்னம்.

வெளியே வந்தால் எங்கும் கறுப்பு உடை. தபீர்புராவிலிருந்து யானை மேல் பீபி கா அலம் வருகிறது. நபிகளின் மகளும் ஹுசைனின் தாயுமான ஃபாத்திமா பெயரால் எடுப்பது. ஹைதராபாதை ஆண்ட நிஜாம் காணிக்கையாகத் தந்த வைரங்களைக் கறுப்புப் பைகளில் முடிந்து அதில் தொங்கவிட்டிருக்கிறார்கள். துக்க நாளில் நகை எதற்கு மின்ன வேண்டும்! நிஜாம்கள் சுன்னிகள். ஊர்வலம் ஷியாக்களுடையது. சுன்னி வீடுகளில் பலர் ஒன்பதும் பத்தும் நோன்பு இருக்கிறார்கள். தெலங்கானா கிராமங்களில் இந்துக்களும் 'பீர்ல பண்டுக' என்ற பெயரில் இதில் கலந்துகொள்கிறார்கள்.

நேயர்களே, அந்த ஊர்வலத்தின் ஓசையை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? நௌஹா என்னும் புலம்பல் பாட்டை ஒருவர் எடுத்துக் கொடுக்க, நூற்றுக்கணக்கான உள்ளங்கைகள் ஒரே நேரத்தில் மார்பில் விழுகின்றன. ஈரத் துணியைக் கல்லில் அறைவது போன்ற ஒலி. 'யா ஹுசைன்!' அடுத்த அடிக்கு முன்னால் ஒரு கணம் நிசப்தம். அந்த நிசப்தம்தான் என்னை உலுக்கியது. சிலர் கத்தியால் கீறிக்கொள்கிறார்கள். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திரும்பிய பக்கம் ஒரு தண்ணீர்ப் பந்தல். சபீல் என்பார்கள். தெருவுக்குத் தெரு உண்டு. பத்து வயதுப் பையன் ஒருவன் குவளையை நீட்டினான். நான் யார், எந்த ஊர், எந்த மதம் என்று கேட்கவில்லை. "பீஜியே சாச்சா" என்றான். குடியுங்கள் சித்தப்பா. ரோஜா மணக்கும் சர்பத்.

குடித்துக்கொண்டிருக்கும்போதே அப்பாஸின் அலம் என்னைக் கடந்து போனது. அதன் கழுத்தில் ஒரு சிறிய தோல்பை தொங்கியது. பையில் ஓர் அம்பு தைத்திருந்தது.