நெல்லைச் சீமையில் பிறந்த பெரியோர்

(தாணேயில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

திருநெல்வேலிச் சீமையில் பிறந்த பெரியோரைப் பற்றிப் பேசுக எனச் செயலாளர் பணித்தார். பொருள் இனியதுதான். ஆயினும் அவர்தம் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கத் தொடங்கினால், அடுத்து நடைபெற வேண்டிய குழந்தைகள் நடனம் நாளைக்குத்தான் நடைபெறும். ஆதலின் சிலரைப் பற்றி மட்டும் சொல்ல எண்ணுகிறேன். விடுபட்டவர்கள் சிறியவர்கள் அல்லர்.

முதற்கண் ‘நெல்லைச் சீமை’ எது என்று வரையறுப்பதே கடினம். இன்று அது மூன்று மாவட்டமாகப் பிரிந்து கிடக்கிறது. 1986-இல் தூத்துக்குடி தனியே பிரிந்தது. 2019-இல் தென்காசி பிரிந்தது. அதற்கு முன்னே, 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது வடபகுதியை அதற்குக் கொடுத்தார்கள். ‘இரசிகமணி’ டி. கே. சிதம்பரநாத முதலியார் பிறந்த திருவில்லிபுத்தூர், அவர் பிறந்தபோது நெல்லை மாவட்டத்து ஊர். பின்னர் இராமநாதபுரத்து ஊர். இன்று விருதுநகர் மாவட்டத்து ஊர். அரசாங்கக் கோடு இடம் மாறிக்கொண்டேயிருக்க, அவரோ வண்ணாரப்பேட்டையில் வட்டத்தொட்டி கூட்டிக் கவிதை சுவைத்து, பிறகு குற்றாலத்தில் அருவியோசையோடு வாழ்ந்து, நெல்லைக்காரராகவே இருந்து மறைந்தார்.

‘பிறந்த’ என்னும் சொல்லும் அத்துணை எளியதன்று. எட்டயபுரத்தை நோக்குங்கள். 1882 டிசம்பர் 11-ஆம் நாள் அவ்வூரில் சுப்பிரமணியன் பிறந்தான். சிறு வயதிலேயே அவ்வூர்ச் சமஸ்தானத்துப் புலவர் அவையில் ‘பாரதி’ என்னும் பட்டம் பெற்றான். பின்னர் காசி, சென்னை, புதுச்சேரி என்று அலைந்து, 1921-இல் திருவல்லிக்கேணியில் கண் மூடினான். அதே எட்டயபுரத்தில் சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவராகிய முத்துசாமி தீட்சிதர் 1835-இல் காலமானார். அவர் பிறந்ததோ சோழநாட்டுத் திருவாரூர். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரும் எட்டயபுரத்து மண்ணில்தான் அடங்கியிருக்கிறார். ஓர் ஊர் தான் பெற்ற பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு, வேறோர் ஊர் பெற்ற பிள்ளைக்கு இறுதி இடம் கொடுத்தது. இவருள் யார் எட்டயபுரத்தார்? மூவருமே என்று அவ்வூரார் சொல்கின்றனர். அவர்கள் சொல்வதே சரி என்பது என் கருத்து.

சிறுகதை மன்னர் புதுமைப்பித்தனைப் பற்றி ஒரு செய்தி. நெல்லைத் தமிழைக் கதையில் அவரைப்போல் எழுதியவர் அரியர். ஆனால் 1906-இல் அவர் பிறந்தது கடலூரை ஒட்டிய திருப்பாதிரிப்புலியூரில். தந்தையார் அரசாங்க அலுவலில் இருந்தமையால் ஊர் ஊராய் மாறி, பிள்ளைப் பருவம் கழியும் வேளையில்தான் குடும்பம் நெல்லைக்குத் திரும்பியது. பிறந்தவர் பட்டியலைக் கண்டிப்பாகப் போட்டால் அவர் பெயரை அடித்துவிட வேண்டும்! அவருக்கும் நாம் வாழும் இம்மாநிலத்துக்கும் ஒரு துயரத் தொடர்பு உண்டு. ‘ராஜமுக்தி’ என்னும் திரைப்படத்துக்கு வசனம் எழுத அவர் புனாவுக்கு வந்தார். அங்கே காசநோய் முற்றியது. அங்கிருந்து திருவனந்தபுரம் சென்று 1948-இல் மறைந்தார், வயது 42. தொலைவிலிருந்து மனைவி கமலாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் நூலாக வந்துள்ளன. பிழைப்பின் பொருட்டுக் குடும்பத்தைப் பிரிந்து இப்பக்கம் வந்து தங்கிய எவரும் அக்கடிதங்களைப் படிக்க அறிமுகம் தேவையில்லை.

இனி, இன்று நான் சற்று விரித்துரைக்க விரும்புபவர் ஒருவரே. அவர் ஒட்டப்பிடாரத்தில் 1872 செப்டம்பர் 5-ஆம் நாள் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை. கப்பலோட்டிய தமிழர் என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆயின் அக்கப்பலைத் தேடி அவர் வந்த இடம் இந்தப் பம்பாய் என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதில்லை.

1906 அக்டோபரில் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலேயக் கம்பெனி ஒன்றே வாணிகம் நடத்திவந்த காலம் அது. முதலில் பம்பாய்க் கம்பெனி ஒன்றிடம் கப்பல் வாடகைக்குப் பெற்றனர். எதிரியின் நெருக்குதலால் அது நின்றது. வாடகைக் கப்பலை நம்பி வாணிகம் செய்ய இயலாது என்று கண்ட சிதம்பரனார், சொந்தக் கப்பலோடு திரும்புவேன், இன்றேல் கடலில் வீழ்ந்து மாய்வேன் என்று சூளுரைத்துப் பம்பாய்க்குப் புறப்பட்டார். வீட்டில் மகன் நோயுற்றிருந்த வேளை அது என்று அவர் வரலாறு எழுதியோர் கூறுவர். 1907 மே மாதம் ‘காலியா’ என்னும் கப்பல் தூத்துக்குடித் துறையை அடைந்தது. ‘லாவோ’ என்னும் மற்றொன்றும் வந்து சேர்ந்தது.

எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. குறைத்தும் பயனில்லாமையால் இலவசமாகவே ஏற்றிச் செல்ல முன்வந்தது. குடையும் பரிசாகக் கொடுத்ததாம்! 1908-இல் கோரல் நூற்பாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது சிதம்பரனார் முன்னின்றார். ஒன்பது நாளில் தொழிலாளர் வென்றனர். மார்ச் 12-ஆம் நாள் அவரைச் சிறைப்படுத்தினர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்து எழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனை, ஆக நாற்பதாண்டு, விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவைச் சிறையில் மாடு இழுக்கும் செக்கை அவர் இழுத்தார். 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனி கலைந்து போயிருந்தது, கப்பலும் கைமாறியிருந்தது.

இதுவரை பெரும்பாலோர் அறிந்த கதை. இனிச் சொல்வது வெளியூரில் வாழும் நமக்கு உரியது. சிதம்பரனார் சென்னையில் வறுமையில் உழன்றபோது, கடல் கடந்து தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த தமிழர் அவருக்கென்று பணம் திரட்டிக் காந்தியடிகளிடம் கொடுத்திருந்தனர். 1915-இல் அது பற்றி இருவருக்குமிடையே கடிதங்கள் நடந்தன. பணம் உடனே வரவில்லை. வேண்டா என்று மறுக்கும் நிலையில் தாம் இல்லை என்பதைச் சிதம்பரனார் ஒளிக்காமல் எழுதினார். 1916-இல் வந்து சேர்ந்தது: 347 ரூபாய் 12 அணா. பேராசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி இதனைத் தேடியெடுத்துத் தனி நூலாகவே எழுதியிருக்கிறார். 10 லட்சம் ரூபாய்க் கம்பெனி நிறுவியவர் 347 ரூபாய்க்கு வழி பார்த்திருந்தார். அதை அனுப்பியவர்களோ கூலி வேலைக்கும் சிறு வாணிகத்துக்கும் சென்ற குடும்பத்தார். அவர்களுள் எத்தனை பேர் ஒட்டப்பிடாரத்தைக் கண்ணால் கண்டிருப்பர்?

இங்கு ஒரு குறையையும் சொல்ல வேண்டும். நெல்லையின் பெரியோர் பட்டியல் எதை எடுத்தாலும் புலவரும் வழக்கறிஞரும் பாளையக்காரருமே நிறைந்திருப்பர். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் கொண்ட தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளை, ‘ஊரும் பேரும்’ எழுதிய இராஜவல்லிபுரத்து ரா. பி. சேதுப்பிள்ளை, திருக்குறுங்குடியில் பிறந்து மதுரையில் பேருந்துத் தொழில் வளர்த்த டி. வி. சுந்தரம் ஐயங்கார், எல்லாரும் தக்கோரே. பெண்கள் எங்கே? கடையத்தில் பிறந்த செல்லம்மாளைப் ‘பாரதியின் மனைவி’ என்பதோடு முடித்துவிடுகிறார்கள். பாரதி வரலாற்றைச் சொல்லி எழுதுவித்தவர் அவர். கணவர் மறைவுக்குப் பின் அவர் பாடல்கள் அச்சேற உழைத்தவரும் அவர். 1908-இல் ஆலையை நிறுத்திய தொழிலாளர் எங்கே? நெல்லைப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து, பிறர் தொடக் கூசிய தோலைப் பதனிட்டு, அச்சதுப்பு நிலத்தில் தம் கையாலேயே குடியிருப்பு எழுப்பியவர்கள் எங்கே? மாட்டுங்காவின் படித்த குடும்பங்களைப் பற்றி எழுத ஆள் உண்டு. செம்பூரைப் பற்றியும் உண்டு. தாராவிப் பாட்டனாரைப் பற்றி எழுத ஆள் குறைவு.

தாணேயில் பிறந்த நம் பிள்ளைகள் ‘உன் ஊர் எது?’ என்று கேட்டால் தயங்குகின்றனர். விடுமுறையில் சென்றால் அங்கே ‘பம்பாய்க்காரப் பிள்ளை’, இங்கே ‘மதராசி’. எட்டயபுரத்தார் மூவரையும் தம்மவர் என்று கொண்டதை நினையுங்கள். 1853 ஏப்ரல் 16-ஆம் நாள் இந்நாட்டின் முதற் பயணிகள் இரயில் போரிபந்தரிலிருந்து புறப்பட்டு வந்து நின்ற ஊர் இது. இவ்வூரில் பிறந்தேன் என்று ஒரு குழந்தை சொல்லக் கூச்சம் எதற்கு? ஒட்டப்பிடாரமும் என் ஊர் என்று அதே மூச்சில் சொல்லத் தடை எது?

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம்முள் எழுபது வயது கடந்த தாய்மாரும் பெரியவரும் இன்னும் சிலர் உள்ளனர். எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், யாரோடு வந்தார்கள், முதல் இரவு எங்கே தங்கினார்கள், என்ன வேலை செய்தார்கள் என்பதை ஒரு பேரேட்டில் எழுதிவையுங்கள். எழுதும் பணியைக் கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகளிடமே ஒப்படையுங்கள். முதற் பக்கத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம். பேரேடு வாங்கும் செலவை நான் ஏற்கிறேன்.