காய்ச்சலுக்குப் பெயர் வேண்டும்

(தில்லி திரிலோக்புரியில் நடக்கும் தமிழ் மாலை வகுப்பில் ஒரு தொண்டர் பேசியது)



இன்று பாடப் புத்தகத்தை மூடி வைப்போம். ஒரு சின்னப் பட்டையைப் பற்றிப் பேசப் போகிறேன். அதை உங்களில் பல பேர் பார்த்திருப்பீர்கள். கர்ப்பம் தரித்திருக்கிறதா என்று பார்க்க மருந்துக் கடையில் ஒரு பட்டை விற்கிறார்கள். கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்களே, அதுவும் அப்படிப்பட்ட பட்டைதான்.

நான் டாக்டர் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். ஆனால் இந்தப் பட்டை எங்கள் வீட்டுக்குள் வந்து போனது. அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். டாக்டர்களிடம் கேட்டேன். தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

2021 ஏப்ரல் மாதம். தில்லியில் கொரோனா இரண்டாவது முறை பரவிய நேரம். என் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு வலி, இருமல். ஒரு இடத்தில் பட்டைச் சோதனை செய்தார்கள். அரை மணி நேரத்தில் முடிவு சொன்னார்கள். "இல்லை" என்றார்கள்.

எங்களுக்கு நிம்மதி. சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்தோம். எங்களுக்கு ஒரே அறை. அப்பா, அம்மா, நான், தம்பி, ஆயா எல்லோரும் அந்த அறையில்தான் படுத்தோம். ஆயா என்றால் அப்பாவின் அம்மா. எழுபது வயது தாண்டியவர்.

இரண்டு நாள் கழித்து ஒரு டாக்டர், "பெரிய சோதனை செய்யுங்கள்" என்றார். செய்தோம். முடிவு ஐந்தாம் நாள் வந்தது. "இருக்கிறது" என்று வந்தது. அதற்குள் ஆயாவுக்கும் காய்ச்சல் வந்துவிட்டது. அப்பா பிழைத்தார். ஆயா பிழைக்கவில்லை.

யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அன்று எல்லா இடத்திலும் கூட்டம். ஆனால் ஒரு விஷயத்தை அன்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. "பட்டை 'இல்லை' என்று சொன்னால், உண்மையில் இல்லையா?" இந்தக் கேள்விதான் அது.

சூரத்தில் வந்த காய்ச்சல்

நம் வகுப்பில் உள்ள பெரியவர்களுக்கு 1994ஆம் ஆண்டு நினைவு இருக்கும். அப்போது நான் பிறக்கவில்லை. செப்டம்பர் மாதம் குஜராத்தில் சூரத் நகரில் ஒரு காய்ச்சல் பரவியது. நுரையீரலைத் தாக்கும் பிளேக் என்றார்கள். லட்சக்கணக்கான மக்கள் ரயிலிலும் பஸ்ஸிலும் ஊரை விட்டு ஓடினார்கள்.

பயம் தில்லிக்கும் வந்தது. ஜனங்கள் முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு நடந்தார்கள். டெட்ராசைக்ளின் மாத்திரையை வாங்கிக் குவித்தார்கள். காய்ச்சல், இருமல் உள்ளவர்களைக் கிங்ஸ்வே கேம்ப்பில் உள்ள தொற்றுநோய் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். சில நாடுகள் இந்தியாவுக்கு வரும் விமானங்களை நிறுத்தின.

அப்போது எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். இது பிளேக்கா, வேறு காய்ச்சலா? சோதனைக்கூடத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கப் பல நாள் ஆகும். அதற்குள் டாக்டர்களே இரண்டு பக்கமாக நின்று வாதிட்டார்கள். பின்னால் நடந்த ஆராய்ச்சிகள் அது பிளேக் கிருமிதான் என்று சொன்னன. 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

பிளேக்குக்கு மருந்து இருக்கிறது. விலையும் அதிகம் இல்லை. ஆனால் நுரையீரல் பிளேக்குக்கு ஒரு நாளைக்குள் மருந்து கொடுக்க வேண்டும். தாமதித்தால் பிழைப்பது கடினம். மருந்து கடையில் இருக்கிறது. நோயின் பெயர்தான் தெரியவில்லை. அதற்குள் உயிர் போய்விடுகிறது.

பெயர் தெரியாவிட்டால் இன்னொரு கெடுதலும் உண்டு. நோய் உள்ளவரும் ஓடுவார். நோய் இல்லாதவரும் ஓடுவார். நோயும் கூடவே ஓடும்.

இதற்கு ஒரு வழி பிறந்தது. ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் மடகாஸ்கர் என்று ஒரு தீவு உண்டு. அங்கே இன்றும் பிளேக் வருகிறது. அங்குள்ள பாஸ்டர் நிறுவன விஞ்ஞானிகள் பிளேக்கைக் கண்டுபிடிக்க ஒரு பட்டை செய்தார்கள். அதன் விவரத்தை 2003ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். 15 நிமிடத்தில் முடிவு தெரியும். கிராமத்துச் சுகாதார ஊழியரே செய்து பார்க்கலாம்.

யாராவது வேண்டுமென்றே பரப்பினால்?

நோய் தானாக வருவது ஒரு வகை. கெட்ட எண்ணத்தோடு ஒருவர் கிருமியைப் பரப்புவது இன்னொரு வகை. அப்படியும் நடந்திருக்கிறது.

2001ஆம் ஆண்டு அமெரிக்காவில் சில பேருக்குத் தபால் வந்தது. உறைக்குள் பொடி இருந்தது. அந்தப் பொடியில் ஆந்த்ராக்ஸ் கிருமி இருந்தது. நம் ஊரில் ஆடு மாடுகளுக்கு அடைப்பான் நோய் வருமே, அதே கிருமிதான். 5 பேர் இறந்தார்கள். அந்தக் கிருமி நெஞ்சுக்குள் போனால் முதலில் சளிக்காய்ச்சல் போலத்தான் இருக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்து உண்டு. அந்த நேரத்தில் நம் நாட்டிலும் வெள்ளைப் பொடியைக் கண்டாலே மக்கள் பயந்தார்கள்.

கிருமியை ஆயுதமாகச் செய்யக் கூடாது என்று உலக நாடுகள் 1972ஆம் ஆண்டு ஓர் ஒப்பந்தம் செய்தன. அது 1975ஆம் ஆண்டு அமலுக்கு வந்தது. இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது. ஆனாலும் காவல் வேண்டும் அல்லவா? பூட்டுப் போட்ட வீட்டுக்கும் காவல் வைக்கிறோம். குவாலியர் நகரில் நம் ராணுவத்துக்காக வேலை செய்யும் ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. கொடிய கிருமிகளை விரைவாகக் கண்டுபிடிக்கும் முறைகளை அங்கே ஆராய்கிறார்கள். தில்லியில் சாம்நாத் மார்க்கில் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் இருக்கிறது. எங்காவது புதிய காய்ச்சல் கிளம்பினால் அது என்ன என்று பார்ப்பது அவர்கள் வேலை.

கிருமியை எதிரி வீசினாலும், எலியும் கொசுவும் கொண்டு வந்தாலும், நோயாளிக்கு முதலில் தெரிவது காய்ச்சல்தான். முதலில் பார்ப்பவரும் பக்கத்துத் தெரு டாக்டர்தான். அவர் கையில் விரைவுச் சோதனை இருந்தால் ஊரே தப்பிக்கும்.

பட்டை எப்படி வேலை செய்கிறது?

ஊரில் வயல் வரப்பில் நடந்திருப்பீர்கள். சேலை ஓரத்தில் ஒட்டுப்புல் ஒட்டிக்கொள்ளும். எதன் மேலும் ஒட்டாது. துணி கிடைத்தால் ஒட்டும்.

பட்டைக்குள்ளும் அப்படி ஒட்டும் பொருள் இருக்கிறது. அது ஒரே ஒரு கிருமியோடுதான் ஒட்டும். அதோடு கண்ணுக்குத் தெரியும் நிறத் துகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். மூக்கிலிருந்து எடுத்த சளியை ஒரு திரவத்தில் கலந்து, பட்டையில் சொட்டு விடுகிறார்கள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல ஈரம் பட்டையில் ஏறும். கிருமி இருந்தால் நிறத் துகள் அதைப் பிடித்துக்கொண்டு ஓர் இடத்தில் போய் நிற்கும். அங்கே கோடு தெரியும்.

பட்டையின் பக்கத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். ஒன்று 'சி'. அது பிறை நிலா போல இருக்கும். இன்னொன்று 'டி'. அது ஒற்றைத் தூண் மேல் கூரை வைத்தது போல இருக்கும்.

'சி' பக்கத்தில் மட்டும் கோடு வந்தால், கிருமி தென்படவில்லை என்று பொருள்.
'சி', 'டி' இரண்டிலும் கோடு வந்தால், கிருமி இருக்கிறது.
'சி' பக்கத்தில் கோடு வராவிட்டால், அந்தப் பட்டையே சரியில்லை. வேறு பட்டையில் பார்க்க வேண்டும்.

தில்லி செய்த துப்பறிவாளர்

பெரிய சோதனை என்று சொன்னேனே, அது வேறு முறை. கிருமியின் உள்ளே அதன் ஜாதகம் போல ஒரு பொருள் இருக்கிறது. எந்திரம் அதை ஒன்றை இரண்டாக்கும், இரண்டை நான்காக்கும். இப்படி 30 தடவை இரட்டித்தால் எவ்வளவு ஆகும்? வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கோடிக்கு மேல் வரும். அதனால் கொஞ்சம் கிருமி இருந்தாலும் தெரிந்துவிடும். ஆனால் விலை உயர்ந்த எந்திரமும் பழகிய ஆளும் வேண்டும். நேரமும் ஆகும்.

தில்லியில் ஐ.ஜி.ஐ.பி. என்ற அரசு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே தேபோஜோதி சக்ரவர்த்தி, சௌவிக் மைத்தி என்ற இரண்டு விஞ்ஞானிகள் தங்கள் குழுவோடு ஒரு சோதனையை உருவாக்கினார்கள். அதற்கு 'ஃபெலூடா' என்று பெயர். வங்காளத்தில் சத்யஜித் ராய் எழுதிய கதைகளில் வரும் துப்பறிவாளர் பெயர் அது. 2020 செப்டம்பரில் அரசு அனுமதி கிடைத்தது. டாடா நிறுவனம் அதைத் தயாரித்தது.

இதிலும் முதலில் எந்திரத்தில்தான் இரட்டிக்க வேண்டும். ஆனால் சாதாரண எந்திரம் போதும். பிறகு பட்டையில் கோடு பார்க்கலாம். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிவு தெரியும்.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. இந்த விஞ்ஞானிகள் முதலில் கொரோனாவுக்காக இந்த வேலையைத் தொடங்கவில்லை. ரத்தத்தில் வரும் அரிவாள் செல் நோயைக் கண்டுபிடிக்கத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அப்போது கொரோனா வந்தது. துப்பறிவாளர் கையில் இருந்த அடையாளச் சீட்டை மாற்றினார்கள். "இனி இவனைத் தேடு" என்றார்கள். ஆயுதம் முன்பே கையில் இருந்ததால் சில மாதங்களில் சோதனை தயாரானது. நாளை வேறு கிருமி வந்தாலும் இதே வழியில் தேடலாம். வெள்ளம் வந்த பிறகு படகு செய்ய முடியாது. முன்னாலேயே செய்து வைக்க வேண்டும்.

'இல்லை' என்றால் இல்லையா?

இப்போது எங்கள் வீட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

2020 ஜூன் மாதம் தில்லியில் கொரோனாப் பட்டைச் சோதனை தொடங்கியது. அதற்கு முன் அந்தப் பட்டையை இரண்டு இடங்களில் சோதித்துப் பார்த்திருந்தார்கள். கொரோனா உள்ள 100 பேரில் ஓர் இடத்தில் 84 பேரைக் கண்டுபிடித்தது. இன்னோர் இடத்தில் ஏறக்குறைய 50 பேரைத்தான் கண்டுபிடித்தது. மற்றவர்களுக்கு "இல்லை" என்று காட்டிவிட்டது.

ஆகவே ஐ.சி.எம்.ஆர். ஒரு விதி சொன்னது. பட்டை "இருக்கிறது" என்று சொன்னால் நம்பலாம். "இல்லை" என்று சொல்லியும் காய்ச்சல், இருமல் இருந்தால், பெரிய சோதனை செய்ய வேண்டும். அந்த விதி எங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை. வந்திருந்தால், முடிவு தெரியும் வரை ஆயாவைப் பக்கத்துச் சித்தி வீட்டில் படுக்க வைத்திருப்போம். இன்றும் எனக்கு அந்த எண்ணம் வரும்.

பட்டை கெட்டது என்று நினைக்காதீர்கள். அரை மணி நேரத்தில் பல பேரைக் கண்டுபிடித்துச் சொன்னது அதுதான். அது சொல்வதை முழுவதும் படிக்க நமக்குத் தெரிய வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

காய்ச்சல் வந்தால் நாமே மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது. என்ன காய்ச்சல் என்று கேட்க வேண்டும்.

சோதனை செய்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இது எந்த நோய்க்கான சோதனை? முடிவு எப்போது வரும்? 'இல்லை' என்று வந்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும்?

வீட்டில் பட்டை வாங்கிச் சோதித்தால் உறை மேல் உள்ள தேதியைப் படியுங்கள். தேதி முடிந்திருந்தால் வாங்காதீர்கள். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். அதைப் பார்த்துக் கடிகாரம் வையுங்கள். அவசரப்பட்டாலும் தப்பு வரும். ரொம்ப நேரம் விட்டுப் பார்த்தாலும் தப்பு வரும்.

முடிவு வரும் வரை வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் தள்ளிப் படுக்க வையுங்கள். ஒரே அறை என்றால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

ஒரே தெருவில் பல பேருக்கு ஒரே மாதிரிக் காய்ச்சல் வந்தால், ஆஷா ஊழியரிடமோ அரசு மருந்தகத்திலோ உடனே சொல்லுங்கள். பெரிய ஆய்வுக்கூடத்துக்கு முதல் செய்தி நம் தெருவிலிருந்துதான் போக வேண்டும்.

ஆறு மாதத்துக்கு முன்பு நம்மில் பல பேர் பஸ்ஸின் எண்ணைக்கூட மற்றவரிடம் கேட்டுத்தான் ஏறினோம். இன்று நாமே படித்து ஏறுகிறோம். தேதியும் படிக்கிறோம். இரண்டு எழுத்தும் இரண்டு கோடும் நமக்குப் பெரிய பாடம் இல்லை.

அடுத்த வகுப்புக்கு ஒரு காலிப் பட்டை உறை கொண்டு வருகிறேன். கை மாற்றிக் கை எல்லோரும் பார்ப்போம். அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொருவராகப் படிப்போம். முதலில் படிக்கப் போவது யார்?

கலந்து பேசுங்கள்

1. 1994ஆம் ஆண்டு சூரத்து மக்கள் ஏன் ஊரை விட்டு ஓடினார்கள்? நோயின் பெயர் உடனே தெரிந்திருந்தால் என்ன நடந்திருக்கும்?
2. 'சி' பக்கத்தில் கோடு வராவிட்டால் என்ன பொருள்?
3. உங்கள் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல். பட்டை 'இல்லை' என்று காட்டுகிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்?