படிப்பை நிறுத்திய நம் பிள்ளைகள்

(ஜமாஅத் மஹாசபைக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

அல்லாஹ்வின் பேரருளால் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டுத் தங்கள் ஒப்புதலையும் பெற்றுவிட்டது. நம் மஹல்லாவில் எழுதப்படாத கணக்கு ஒன்றும் உண்டு. அது பாதியில் படிப்பை நிறுத்திய நம் பிள்ளைகளின் கணக்கு.

இப்பிள்ளைகளைக் கண்டறிய வெளியிலிருந்து எவரும் வரவேண்டியதில்லை. விடியற்காலையில் மக்தபுக்கு வந்து ஓதிச் செல்லும் பிள்ளை, ஒன்பது மணிக்குப் புத்தகப் பையோடு தெருவைக் கடக்கிறதா என்பதை ஹஜ்ரத் அவர்களும் அறிவார்கள், அண்டை வீட்டாரும் அறிவார்கள். பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் பெயர் இருந்துகொண்டே பிள்ளை வீட்டில் இருப்பதும் உண்டு. ஆகவே நமக்கு வேண்டிய முதல் ஏடு மக்தபின் வருகைப் பதிவேடுதான்.

ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால் "படிப்பு ஏறவில்லை" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். அவ்விடையோடு நாம் திரும்பிவிடலாகாது. நமது நெல்லைச் சீமையில் மேலப்பாளையம், கடையநல்லூர் போன்ற ஊர்களில் நம் தாய்மார்கள் பல தலைமுறைகளாக மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக் குடும்பங்களைக் காத்து வருகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதே கூலிக் கணக்கு. அந்த ஆயிரம் முடியாத நாளில் இலை வெட்டவும் முனை மடக்கவும் மூத்த மகளின் கை தேவைப்படுகிறது. தாய்க்குக் காய்ச்சல் கண்ட வாரம் வீட்டில் நின்ற பெண், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மறு வாரமும் நிற்கிறாள். பின்னர் வகுப்பில் பாடம் விளங்குவதில்லை. கேட்க வெட்கம். அத்தோடு முடிந்துவிடுகிறது. அவ்வீட்டு வாசலில் நின்று கல்வியின் சிறப்பைப் பற்றி அரைமணி நேரம் பயான் செய்வதால் யாதொரு பயனும் இல்லை. அச்சிறப்பு அந்தத் தாய்க்கு நம்மைவிட நன்றாகவே தெரியும்.

ஆண் பிள்ளைகள் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் போய்விடுகிறார்கள். தந்தை வாங்கிய முன்பணத்திற்கு ஈடாக மகன் நிற்கும் இடங்களும் உள்ளன. சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லவேண்டியிருக்கிறது: இப்பிள்ளைகளை வேலைக்கு வைத்திருப்போரில் சிலர் நம்மோடு முதல் ஸஃப்பில் நின்று தொழுபவர்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி 14 வயது நிரம்பாத பிள்ளையை எத்தொழிலிலும் கூலிக்கு அமர்த்துவது குற்றமாகும். ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடனாளிகளும் அடங்குவர். உலமாக்களின் ஆலோசனையைப் பெற்று, இத்தகைய தந்தையின் கடனைப் பைத்துல்மாலிலிருந்து தீர்த்துப் பிள்ளையை மீட்பதே இதற்கு நேர்வழி என்று கருதுகிறோம்.

சட்டம் நமக்குத் துணையாக இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, இடையில் நின்ற பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ளவேண்டும். மூன்றாம் வகுப்போடு நின்ற பதினொரு வயதுச் சிறுவன் சிறு குழந்தைகளோடு உட்காரவேண்டியதில்லை. விடுபட்ட பாடங்களுக்குச் சிறப்புப் பயிற்சி பெறவும், 14 வயது கடந்துவிட்டாலும் எட்டாம் வகுப்பை முடிக்கும்வரை இலவசமாகப் படிக்கவும் அவனுக்கு உரிமை உண்டு. மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்றோ வயதுச் சான்று இல்லை என்றோ அரசுப் பள்ளி அவனைத் திருப்பி அனுப்ப இயலாது. விவரம் அறிந்த ஒருவர் உடன் சென்றால் போதும். பெற்றோர் தனியே சென்று தலைகுனிந்து திரும்பும் நிலை நேராது.

ஹிஃப்ழு முடித்த பிள்ளைகளையும் இங்கே குறிப்பிடவேண்டும். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மதரஸாக்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. ஆயினும் மூன்று, நான்கு ஆண்டுகள் ஓதி முடித்து வரும் பன்னிரண்டு வயது ஹாஃபிழுக்கு வயதுக்கேற்ற வகுப்பில் சேரும் உரிமை இருக்கவே செய்கிறது. இறைமறை முழுவதையும் நெஞ்சில் சுமந்த பிள்ளைக்கு ஏழாம் வகுப்புப் பாடம் எட்டாது என்று நினைப்பது நம் பிழையான எண்ணமே. 14 வயது நிரம்பியவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் மூலம் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதலாம்.

பத்ரில் சிறைப்பட்டவர்களில் மீட்புப் பணம் செலுத்த இயலாத, எழுதத் தெரிந்தவர்கள் மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்பித்து விடுதலை பெறலாம் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்த வரலாற்றை மேடைதோறும் கேட்டிருக்கிறோம். கற்பித்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர் என்பதையே பெரும்பாலும் எடுத்துக்காட்டுவோம். பிள்ளைகள் நன்கு கற்றுத் தேறிய பின்னரே அச்சிறைவாசிகளுக்கு விடுதலை கிடைத்தது என்பதையும் சேர்த்து நோக்கவேண்டும். பெயரைப் பதிந்த அன்றே அவர்களின் கடமை முடிந்துவிடவில்லை.

நாமோ பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துப் புகைப்படம் எடுத்ததும் வேலை முடிந்ததாக எண்ணுகிறோம். மீண்டும் சேர்ந்த பிள்ளைக்கு முதல் ஆறு மாதங்களே கடினமானவை. முதல் தேர்வில் மதிப்பெண் குறையும், மற்றப் பிள்ளைகள் கேலி பேசுவார்கள், வீட்டில் மறுபடியும் ஒரு காய்ச்சல் வரும். அக்காலத்தில் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே மதரஸா மண்டபத்தில் அமர்த்திக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு ஆலிமாக்களும் படித்த சகோதரிகளும் பகலிலேயே இப்பணியைச் செய்யலாம். பட்டம் பெற்று வீட்டிலிருக்கும் பெண்கள் நம் மஹல்லாவில் குறைவில்லை.

அலுவலகத்தில் இன்று முதல் ஒரு பதிவேடு வைக்கப்படுகிறது. படிப்பை நிறுத்திய பிள்ளையின் விவரத்தைப் பெற்றோரோ அண்டை வீட்டாரோ அஸருக்குப் பின் வந்து தெரிவிக்கலாம். எப்பெயரும் பலகையில் எழுதப்படமாட்டாது; மிம்பரில் வாசிக்கப்படமாட்டாது. பாடம் சொல்லித்தர முன்வருவோர் அதே ஏட்டின் பின்பக்கத்தில் தம் பெயரையும், வாரத்தில் எந்தெந்த நாள் வர இயலும் என்பதையும் எழுதவும். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திற்காகக் காத்திருக்க வேண்டாம். சேர்க்கை முடிந்துவிட்டது என்று காரணம் காட்டி எப்பிள்ளையையும் மறுக்கலாகாது என்பதும் அதே சட்டத்தில் உள்ளது.