ஏ.சி. வாங்கப் போகுமுன் ஈ.பி. கணக்கைப் பாருங்கள்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





நம் கூட்டத்தில் ஏ.சி.யைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. சென்ற கோடையில் நம் அலுவலகத்துக்கு ஒரு மனு வந்தது. பெயர் சொல்ல மாட்டேன், அது அமானிதம். சஃபரில் இருக்கும் மகன், படுக்கையில் கிடக்கும் வாப்பாவுக்காக ஏ.சி. வாங்கிக் கொடுத்திருக்கிறார். நல்ல நிய்யத்துதான். ஆனால் அடுத்து வந்த கரண்ட் பில்லை அந்தத் தாயால் கட்ட முடியவில்லை. பைத்துல்மாலிலிருந்து அந்த ஒரு தடவைக்கு உதவினோம். பிறகு நலம் விசாரிக்கப் போனேன். ஏ.சி. ஓடவில்லை. பெரியவர் வியர்வையில் கிடக்க, அந்தத் தாய் விசிறிக்கொண்டிருந்தார். "போடவே பயமா இருக்கு தம்பி" என்றார்.

ஏ.சி.யின் விலையைக் கடையில் ஒரு தடவை கொடுக்கிறோம். பில்லோ அது ஓடும் காலமெல்லாம் வருகிறது. வாங்குகிறவர் ஒருவர், பில் கட்டுகிறவர் இன்னொருவர் என்று ஆகும்போது இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை.

ஆகவே, கடைக்குப் போகுமுன் உங்கள் ஈ.பி. கணக்கை எடுத்துப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் ஓடுகிறது? நம் மாநிலத்தில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருக்கும் வரை 101 முதல் 200 வரை சலுகை. 500ஐத் தாண்டிவிட்டால் அந்தச் சலுகை போய்விடும்; மேலே ஓடும் யூனிட்டுக்கு விலையும் ஏறும். அந்த 500தான் நமக்கு எல்லைக்கல்.

அடுத்து, ஏ.சி. மீது ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிள். நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீர்கள். வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று அதில் போட்டிருக்கும். அது 1600 மணி நேரத்துக்கான கணக்கு. அதாவது இரவு 8 மணி நேரம் வீதம் 200 நாள். ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒன்றரை டன் ஏ.சி. ஒன்றில் 760 என்றும், விலை குறைந்த மற்றொன்றில் 980 என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரவில் 8 மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு முதலாவது 228 யூனிட், இரண்டாவது 294 யூனிட். உங்கள் வீட்டில் ஏற்கெனவே 250 ஓடுகிறது என்றால், முதலாவதில் மொத்தம் 478. இரண்டாவதில் 544. ஒன்று எல்லைக்குள், மற்றொன்று எல்லைக்கு வெளியே! கத்திரி வெயிலில் லேபிள் கணக்கைவிடக் கூடுதலாகவே ஓடும். எனவே கொஞ்சம் இடம் விட்டே கணக்குப் போடுங்கள்.

பழைய இருப்பை "ஃபைவ் ஸ்டார்" என்று தள்ளிவிடுவார்கள், கவனம். லேபிளில் ஐ.எஸ்.இ.இ.ஆர். என்று ஓர் எண் இருக்கும். அது கூடக்கூட கரண்ட் மிச்சம். 2018இல் 4.5 இருந்தாலே ஸ்பிளிட் ஏ.சி.க்கு ஐந்து நட்சத்திரம். 2022 ஜூலையிலிருந்து அதற்கு 5 வேண்டும் என்றாகிவிட்டது. விதி அவ்வப்போது கடுமையாகும். ஆகவே லேபிள் எந்தக் காலத்துக்கு உரியது என்றும் பாருங்கள்.

நூறு, நூற்றிருபது சதுர அடி அறைக்குப் பொதுவாக ஒரு டன் போதும். நூற்றைம்பது, நூற்றெண்பது என்றால் ஒன்றரை டன். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை கூடுதலாகச் சுடும். அங்கே பெரிய ஏ.சி. தேடுமுன் மாடியில் வெள்ளை ஓடு பதிக்கலாம், சுண்ணாம்பாவது அடிக்கலாம். இரவு முழுக்க ஓட்டுவோருக்கு இன்வெர்ட்டர் வகை நல்லது. அறை குளிர்ந்ததும் அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நம்முடையது கடலோர ஊர். உப்புக்காற்று காயிலை அரிக்கும். அரித்தால் கேஸ் கசியும். செம்புக் காயில், அதிலும் அரிப்புத் தடுப்புப் பூச்சு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

எல்லாருக்கும் ஐந்து நட்சத்திரம் தேவை என்று சொல்லவில்லை. வருடத்தில் இரண்டு மாதம், அதுவும் இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் போடுகிறவருக்கு மூன்று நட்சத்திரமே போதும். கூடுதலாகக் கொடுத்த விலை அவருக்குத் திரும்பி வராது.

தவணைக்கு வாங்குவோர், "வட்டி இல்லை" என்ற வார்த்தையை மட்டும் நம்பாதீர்கள். ரொக்க விலை என்ன, தவணை விலை என்ன, தவணை தவறினால் என்ன பிடிப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் ஆலிமிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வெளியே மாட்டும் யூனிட்டை நிழலில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அதன் அனல் அடுத்த வீட்டு ஜன்னலில் அடிக்கக் கூடாது. தண்ணீர் அவர்கள் சுவரில் வழியக் கூடாது. நம் அறை குளிர, பக்கத்து வீட்டுப் பிள்ளை புழுங்கினால் அண்டை வீட்டாரின் ஹக்குக்கு நாம் பதில் சொல்ல வேண்டும்.

வாங்கிய பின் 24 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். ஒவ்வொரு டிகிரி கூட்டும்போதும் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும். கூடவே மின்விசிறி மெதுவாகச் சுற்றட்டும். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். பஜ்ரு பாங்குக்கு முன்பே அணைந்துவிடும்படி டைமர் வையுங்கள்.

ஓடும் ஆற்றில் ஒளூ செய்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று கற்ற சமுதாயம் நாம். மின்சாரத்துக்கும் அதே கணக்குதான். வெயிலில் வாடும் முதியவருக்கும் நோயாளிக்கும் ஏ.சி. போடுவது வீண்விரயம் அல்ல, அது பணிவிடை. ஆளில்லாத அறையில் ஓட்டுவதுதான் வீண்விரயம்.

பிறகு அந்தத் தாயின் வீட்டில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நம் ஜமாஅத்தைச் சேர்ந்த மெக்கானிக் ஒருவர் கூலி வாங்காமல் ஃபில்டரைக் கழுவி, 18இல் இருந்ததை 26க்கு ஏற்றி, கதவிடுக்கை அடைத்துக் கொடுத்தார். இப்போது பெரியவர் இரவில் தூங்குகிறார். அந்த ஏ.சி. ஓடுகிறது, அவர்கள் மறுபடி மனு எழுதவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

ஏ.சி. வாங்க நினைப்பவர்கள் ஈ.பி. கணக்கோடு நம் அலுவலகத்துக்கு வாருங்கள்; சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம். வல்ல அல்லாஹ் நம் வீடுகளில் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.